உங்க முதுகையும் கொஞ்சம் பாருங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் இயன்முறை மருத்துவர் ஆற்றிய உரை)



என்னை 'பிசியோ அம்மா'ன்னு சொன்னாத்தான் பல பேருக்குத் தெரியும். 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து வீடு வீடாகப் போவதுதான் என் வேலை. நம்ம குழுவிலிருந்து வந்த மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்தான் எனக்கு வழிகாட்டி. எந்த வீட்டுல யார் படுத்திருக்காங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு வீட்டைப் பத்திச் சொல்றேன். அந்த ஐயாவுக்குப் பக்கவாதம். இடது கையும் காலும் வரல. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய்ப் பயிற்சி கொடுப்பேன். அவர் மனைவி ஒரு குழு உறுப்பினர். நான் சொன்னதை அப்படியே செய்வாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பாங்க. ஐயாவுக்குப் படுக்கைப்புண்ணே வரல. மூணு மாசத்துல சுவரைப் பிடிச்சு நின்னுட்டார். எனக்குப் பெருமை தாங்கல.

அடுத்த தடவை போனா, ஐயா கட்டில்ல உக்காந்திருக்கார், அக்கா தரையில கிடக்காங்க. எந்திரிக்க முடியல. "எத்தனை நாளா வலி?"ன்னு கேட்டேன். "முதல் மாசத்துல இருந்தே இருக்கும்மா. நீங்க கேக்கலயே"ன்னாங்க. அந்த வார்த்தை இன்னும் என்னைக் குத்துது. ஆறு தடவை அந்த வாசப்படி ஏறியிருக்கேன். தூக்குங்கன்னு சொன்ன நான், எப்படித் தூக்கணும்னு காட்டல.

அந்தத் தப்புல நான் கத்துக்கிட்டதை உங்களுக்குச் சொல்லிடறேன்.

படுத்திருக்கிறவரை நிக்க வைக்கும்போது, முதல்ல கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, பாதம் ரெண்டும் தரையில படியுதான்னு பாருங்க. அவரை முன்னால சாயச் சொல்லுங்க. பாரம் அவர் கால்லயே இறங்கும். நீங்க காலை அகட்டி, முட்டியை மடக்கி, அவரை உடம்போட ஒட்டிப் பிடிங்க. இடுப்பை வளைச்சுத் தூக்காதீங்க. வராத கையைப் பிடிச்சு இழுக்கவே கூடாது; தோள்மூட்டு நழுவிடும்.

முட்டிவலிக்காரங்க காலை நீட்டி உக்காந்து, முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு, கீழ அழுத்தி, அஞ்சு எண்ணி விடுங்க. ஒரு காலுக்குப் பத்து தடவை, காலையும் சாயங்காலமும். தைலம் வலிக்கு இதமா இருக்கும். தொடைச் சதைக்குப் பலம் கொடுக்காது.

இடுப்புவலியோட கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்படாம போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. யாருக்காவது திடீர்னு வாய் கோணினா, கை தொங்கினா, பேச்சு குழறினா 108-ஐக் கூப்பிடுங்க. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

அந்த அக்கா பயிற்சி செஞ்சு இப்போ கூட்டத்துக்கு வர்றாங்க. ராத்திரி புரட்டுற வேலையை மகன் ஏத்துக்கிட்டார். அவரும் அதுவரைக்கும் கேக்கல, அவங்களும் சொல்லல.

அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அடுத்த கூட்டத்துல சேமிப்பு கட்டி, நோட்டுல கையெழுத்துப் போட்டதும், பக்கத்துல இருக்கிறவங்களை "உனக்கு எங்க வலிக்குது?"ன்னு கேளுங்க. நம்ம பொம்பளைங்க கேட்டாத்தான் சொல்லுவாங்க.