இரண்டு கரை, இரண்டு கடல்மட்டம்



புத்தகங்களைப் பற்றிப் பேசும் இந்த மேடையில் நிலவரைபடத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நாம் கூடியிருக்கும் இந்தப் பாசல் நகரத்தைப் பாருங்கள். இங்கே ட்ராமில் ஏறி ஜேர்மனிக்கும் போகலாம், பிரான்சுக்கும் போகலாம். எல்லை தாண்டுவது நமக்கு அன்றாடக் காரியம். ஆனால் இதே எல்லையை நிலத்தைப் பற்றிய எண்கள் இவ்வளவு இலகுவாகத் தாண்டுவதில்லை. அந்த எண்களுக்காகத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

ரைன் ஆற்றோடு மேலே போனால் லவுஃபன்பூர்க் வரும். ஒரு கரை சுவிஸ், மறுகரை ஜேர்மனி. இரண்டு ஊர்களுக்கும் ஒரே பெயர், ஏனென்றால் நெப்போலியன் காலம் வரைக்கும் அது ஒரே ஊர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஆற்றின் மேல் புதிய பாலம் கட்டினார்கள். வேலை நடந்துகொண்டிருந்த 2003ஆம் ஆண்டில், இரு கரைகளின் மட்டமும் 54 சென்ரிமீற்றர் அளவுக்கு ஒத்துப்போகவில்லை என்று தெரியவந்தது.

ஏன்? சுவிஸ் நாடு தன் உயரங்களை ஜெனீவா ஏரியில் நிற்கும் ஒரு பாறையிலிருந்து கணக்கிடுகிறது. அந்தப் பாறையின் உயரமோ மத்தியதரைக் கடலில், மார்செய் துறைமுகத்தில் அளந்த கடல்மட்டத்திலிருந்து வந்தது. ஜேர்மனியின் உயரங்கள் வடகடல் பக்கத்து ஆம்ஸ்டர்டாம் மட்டத்திலிருந்து வருகின்றன. இரண்டு கடல், இரண்டு சுழியம். இடையில் 27 சென்ரிமீற்றர் வித்தியாசம். கட்டியவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல, நன்றாக அறிந்திருந்தார்கள். திருத்தம் செய்தபோது கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள். 27 இரட்டித்து 54 ஆயிற்று. பிறகு சரிசெய்து பாலத்தைக் கட்டி முடித்தார்கள். இன்று அதன் மேல் வாகனங்கள் ஓடுகின்றன.

அந்தப் பொறியியலாளர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஒவ்வொரு திட்டத்திலும் ஒவ்வொரு மனிதரும் கையால் திருத்த வேண்டிய நிலையில் அவர்களை விட்டுவைத்ததுதான் குறை. பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் இடையில் இதே வித்தியாசம் ஏறத்தாழ 2.3 மீற்றர்! மாஸ் ஆறு இந்த இரு நாடுகளின் ஊடாகவும் ஓடுகிறது. 2021 யூலை வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜேர்மனியில் மட்டும் 180க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பெல்ஜியத்திலும் பலர் இறந்தார்கள். நெதர்லாந்தின் தென்பகுதி நீரில் நின்றது. அப்படி ஒரு இரவில், மேல்நாட்டு ஊர் சொல்லும் நீர்மட்டத்தைக் கீழ்நாட்டு ஊர் ஒரு கணக்கும் போடாமல் உடனே பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டாமா?

அது முடியாத காரியமல்ல. நமது ரைன் ஆறே அதற்குச் சாட்சி. 1939இலிருந்து ரைன் ஆற்றுக்கு ஒரே கிலோமீற்றர் கணக்கு இருக்கிறது. கொன்ஸ்டான்ஸ் பாலத்தில் சுழியம். நமது நடுப்பாலம் ஏறத்தாழ 167. அப்படியே எண்கள் ஏறிக்கொண்டு கடல் வரை போகும். எந்த நாட்டுப் படகோட்டியானாலும் அந்த எண்ணைச் சொன்னால் இடம் தெரிந்துவிடும். 1986 நவம்பர் முதலாம் திகதி, இந்த நகரத்தின் ஓரத்தில் இரசாயனக் கிடங்கு எரிந்தது. தீயணைத்த நீர் பூச்சிகொல்லிகளையும் சுமந்துகொண்டு ஆற்றில் இறங்கியது. ஆறு சிவந்தது. விலாங்கு மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. நஞ்சு பிரான்சையும் ஜேர்மனியையும் தொட்டு நெதர்லாந்து வரை போனது. அதற்குப் பிறகு ரைன் நாடுகள் ஒன்றாக உட்கார்ந்து, நஞ்சு கலந்தால் எந்த ஊருக்கு எப்போது வந்து சேரும் என்று முன்கூட்டியே சொல்லும் கணிப்பு முறை ஒன்றை உருவாக்கின. ஒவ்வொரு நாடும் தன் பங்கு ஆற்றின் வேகத்தையும் கிளையாறுகளையும் ஒரே அளவில் தந்தால்தான் அப்படி ஒரு கணக்கைப் போட முடியும். இவ்வளவு பெரிய துயரம் வந்த பிறகா இந்த ஒற்றுமை வர வேண்டும் என்பது என் ஆதங்கம்.

துயரம் வருமுன்பே செய்தவர்களும் உண்டு. பிரஷியாவின் தளபதி பேயர், மத்திய ஐரோப்பா முழுவதையும் ஒரே நில அளவையில் இணைக்கலாம் என்று 1861இல் முன்மொழிந்தார். அடுத்த ஆண்டே பிரஷியா, ஆஸ்திரியா, சாக்சனி நாடுகளின் பிரதிநிதிகள் பெர்லினில் கூடினார்கள். 1866இல் அதே மூன்று நாடுகள் போர்க்களத்தில் எதிரெதிரே நின்றன. ஆனால் அளவை வேலை சாகவில்லை. 1867இல் அது ஐரோப்பா முழுவதற்குமான அமைப்பாக விரிந்தது. பீரங்கிகள் பேசிய காலத்தில் அளவையாளர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை விடவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நிமிர்கிறது.

நம் காலத்தில் அந்த வேலையை ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் சட்டமாக்கியது. இன்ஸ்பயர் என்று பெயர். முகவரி, காணி எல்லை, ஆறு, வீதி, பாதுகாக்கப்பட்ட காடு, மண் என்று 34 வகைத் தரவுகள். அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கருத்து எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு தரவை ஒருமுறைதான் சேகரிக்க வேண்டும், அதை நன்றாகப் பராமரிக்கக்கூடியவரிடமே அது இருக்க வேண்டும், மற்ற எல்லோரும் அங்கிருந்து எடுத்துப் பயன்படுத்த வேண்டும். எந்த நாடும் தன் வரைபடத்தைக் கைவிட வேண்டியதில்லை. தன் தரவைப் பொதுவான அமைப்பில் மாற்றியும் தர வேண்டும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்த இடத்தில்தான் ஆண்டுகள் கரைந்தன. எத்தனை மரம் நின்றால் அது காடு என்பதில்கூட நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. எல்லையில் ஒரு நாட்டு வரைபடத்தில் முடியும் ஓடை, அடுத்த நாட்டு வரைபடத்தில் சில மீற்றர் தள்ளித் தொடங்குகிறது. எந்தப் புள்ளியில் இரண்டையும் சேர்ப்பது என்று இரு திணைக்களங்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். 2021க்குள் முடியும் என்று நினைத்த வேலை பல நாடுகளில் பிந்தியது. பொது அமைப்பும் அளவுக்கு மீறிச் சிக்கலாகிவிட்டது. நிபுணர் மட்டுமே திறக்கக்கூடிய கோப்பைக் கொடுத்துவிட்டு, பகிர்ந்துவிட்டோம் என்று சொல்வது நியாயமல்ல. சிறிய நகரசபைக்கு ஆளும் பணமும் கொடுக்காமல் கட்டளை மட்டும் அனுப்புவதும் நியாயமல்ல.

தரவுகளின் விலை விடயத்தில் நல்ல மாற்றம் வந்திருக்கிறது. டென்மார்க் 2013இலேயே தன் அடிப்படை நிலத் தரவுகளை இலவசமாக்கியது. ஒன்றியத்தில் இல்லாத நமது சுவிசும் 2021 மார்ச்சில் தன் தேசிய வரைபடத் தரவுகளைத் திறந்துவிட்டது. மக்கள் வரிப்பணத்தில் அளந்ததை மக்களுக்கே விற்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

இங்கே கணினி படிக்கும் பிள்ளைகள் பலர் இருக்கிறீர்கள். நில அளவை படிப்பவர்களும் இருக்கக்கூடும். ஒரு வேண்டுகோள். சுவிசின் உயரத் தரவை இறக்கிக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தரவையும் எடுங்கள். இரண்டையும் ஒரே திரையில் பொருத்திப் பாருங்கள். பொருந்தாத இடங்களைக் குறித்து இரு பக்கத்துத் திணைக்களங்களுக்கும் எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள்.