நிலத்திற் புதைத்த தாலந்து



மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்துகளின் உவமையை அறியாத கிறிஸ்தவர் மிகச் சிலரே. புறதேசத்துக்குப் பயணமாகும் எசமானன் ஒருவன் தன் ஊழியக்காரர் மூவரை அழைத்து, ஒருவனுக்கு ஐந்து தாலந்தும், மற்றொருவனுக்கு இரண்டு தாலந்தும், மூன்றாமவனுக்கு ஒரு தாலந்துமாகத் தன் ஆஸ்தியை ஒப்புவித்துச் செல்கின்றான். முன்னவர் இருவரும் வியாபாரஞ் செய்து, பெற்றதை இரட்டிப்பாக்குகின்றனர். மூன்றாமவனோ நிலத்தைத் தோண்டித் தன் பங்கைப் புதைத்து வைக்கின்றான். எசமானன் திரும்பி வந்து கணக்குக் கேட்கும் நாளில், முன்னவர் இருவரும் மகிழ்ச்சிக்குள் அழைக்கப்படுகின்றனர். புதைத்தவன் இருளுக்குள் தள்ளப்படுகின்றான்.

சிறுபிராயத்திலே ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலையிற் கேட்ட கதையாதலால், வயதுவந்த பின் இதனை மீண்டும் ஆழ்ந்து நோக்குவோர் குறைவு. ஒரு தாலந்து பெற்றவன் ஏதோ சில்லறைக் காசு பெற்ற ஏழை என்றே பலரும் எண்ணிக்கொள்கின்றனர். அவ்வாறன்று. தாலந்து என்பது நாணயமன்று. அது ஒரு நிறை. ஒரு வெள்ளித் தாலந்து ஏறத்தாழ 6,000 தினாரியம் பெறுமதியுடையது. திராட்சத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றிய உவமையிலே நாள் முழுவதும் உழைத்தவனுக்குக் கூலியாகப் பேசப்பட்டது ஒரு பணம், அதாவது ஒரு தினாரியமே. ஓய்வுநாட்களையும் பண்டிகை நாட்களையுங் கழித்து, ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஒரு தாலந்து என்பது ஒரு கூலியாள் 20 ஆண்டுகள் உழைத்துப் பெறுந் தொகையாகும். அத்துணைப் பெருந்தொகையைப் பெற்றவனே தன் பக்கத்தில் நின்றவனுடைய ஐந்தைக் கண்டு தன்னுடைய ஒன்றைச் சிறிதென மதித்தான் போலும்!

"எனக்கென்று பெரிதாக ஒன்றும் அருளப்படவில்லையே" என்று ஆலயத்தின் கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் விசுவாசி சொல்லும்போது, அவன் தன் தாழ்மையைக் காட்டுவதாகவே நினைக்கின்றான். உவமையோ அவனை அவ்வாறு தப்பவிடுவதில்லை. மூன்றாம் ஊழியக்காரனும் தன்னைத் தாழ்மையுள்ளவனாகவே காட்டிக்கொண்டான். தான் திருடவில்லை, ஊதாரித்தனமாய்ச் செலவழிக்கவில்லை, கொடுத்ததைக் குறைவின்றித் திருப்பிக் கொடுத்தான். அவன் சொன்ன காரணம் பயம். தவறிவிடுவேனோ என்ற பயத்தைத் தாழ்மை என்று பெயரிட்டு வாழ்வோர் எல்லாச் சபைகளிலும் உளர்.

இன்னொரு செய்தியும் இங்கே கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்திலே இயற்கைத் திறமையைக் குறிக்க வழங்கும் 'டலன்ற்' என்னுஞ் சொல் இவ்வுவமையிலிருந்தே பிறந்தது. தமிழ்ச் சபைகளிலும் நன்றாகப் பாடுகின்றவனைத் 'தாலந்துள்ளவன்' என்கின்றனர். ஆனால் உவமையைக் கூர்ந்து படித்தால், எசமானன் அவனவனுடைய திறமைக்குத் தக்கதாகவே தாலந்துகளைப் பகிர்ந்தான் என்று காணப்படும். திறமை முன்னரே இருந்தது; தாலந்து அதன்மேல் ஒப்புவிக்கப்பட்டது. ஆகவே, தாலந்து என்பது பிறவித் திறமை மாத்திரமன்று. அத்திறமையை வேண்டி நிற்கும் இடமும், காலமும், மனிதரும் அதனுட் சேர்ந்தவை. இதனை உணராதவர்களே கண்ணை மூடித் தம்முள்ளே நோக்கி, "என்னிடம் என்ன இருக்கின்றது?" என்று தேடிக் களைக்கின்றனர்.

வேதாகமத்திலே இவ்வாறு தேடிக் கண்டுபிடித்தவர் எவருமிலர். வனாந்தரத்திலே ஆடு மேய்த்த மோசே, ஜனங்கள் தன்னை நம்பமாட்டார்களே என்று பின்வாங்கியபோது, அவனுடைய கையில் இருப்பது என்னவென்றே கேட்கப்பட்டது. இருந்தது மேய்ப்பனுடைய கோல். யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று கூறப்படும் பெசலெயேல் ஆசாரியனுமல்லன், தீர்க்கதரிசியுமல்லன். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், இரத்தினங்களை வெட்டிப் பதிக்கவும், மரத்திற் சித்திரவேலை செய்யவும் அறிந்த கைவினைஞன். ஆசரிப்புக் கூடாரம் ஒன்று கட்டப்பட வேண்டியிராவிடில், அவன் இஸ்ரவேலின் சரித்திரத்திற் பெயரில்லாத ஒரு தட்டானாகவே மறைந்திருப்பான். யோப்பா பட்டினத்துத் தொற்காளுக்கோ தையலூசியே தாலந்து. அவள் மரித்தபோது விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, புகழ்மொழி கூறாது, அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகளையே காட்டி அழுதனர்.

கல்விக்கூடங்களில் இந்த உண்மை எளிதில் மறக்கப்படுகின்றது. வைத்தியம், பொறியியல் என்னும் இரண்டையுமே கடவுள் படைத்த தாலந்துகள் என்று நம்பும் பெற்றோர் குறைவல்லர். விளையாட்டு முற்றத்திலே விழுந்த சிறுவனைத் தூக்கி ஆற்றுகின்ற பிள்ளைக்கும், சண்டையிட்ட இருவரைச் சேர்த்து வைக்கின்ற பிள்ளைக்கும் புள்ளி இடுவதற்கு முன்னேற்ற அறிக்கையில் ஓர் இடமில்லை. அப்பிள்ளையிடம் ஒன்று உண்டென்பதை ஆசிரியரோ, பாட்டியோ, பக்கத்து வீட்டாரோ கண்டு சொல்ல வேண்டியிருக்கின்றது. தாலந்தை உடையவனுக்கு அது மூச்சுவிடுவதுபோல் எளிதாய் இருப்பதால், அதுவே தன் தாலந்து என்று அவன் அறிவதில்லை.

இடமும் தேவையும் ஒரு மனிதனுடைய தாலந்தை எவ்வாறு வெளிக்கொணரும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சரித்திரத்திலேயே ஒரு சான்று உண்டு. வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822இற் பிறந்தவர். நியூயோர்க்கில் 1845இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவருடைய தமையனார் அன்றூ கிறீன், நியூயோர்க் மாநகரின் மத்திய பூங்காவை உருவாக்கிய ஆணைக்குழுவில் முதன்மை பெற்று விளங்கியவர். தம்பியும் அந்நகரிலேயே தொழில் நடத்தியிருந்தால், செல்வமும் செல்வாக்கும் தேடி வந்திருக்கும். அவரோ தம் இருபத்தைந்தாம் வயதில், 1847இல், அமெரிக்க இலங்கை மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணத்தை அடைந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் பணிபுரிந்தார்.

சத்திர சிகிச்சையே அவர் கொண்டுவந்த தாலந்து. மானிப்பாயிலே நோயாளர் திரண்டு வந்தனர். ஒரு வைத்தியர் தம் இரு கைகளால் எத்தனை பேரைத் தொட இயலும்? வந்த மறு ஆண்டே அவர் உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவங் கற்பிக்கத் தொடங்கினார். உவமையில் எசமானன் மூன்றாம் ஊழியக்காரனிடம், பணத்தைக் காசுக்காரர் கையிலாவது கொடுத்திருக்கலாமே என்று கேட்பான். உரையாசிரியர்கள் அவ்வளவாகக் கவனியாது விடும் இடம் அது. தன்னால் இயலாத விடத்து, பெருக்கவல்ல பிறர் கையில் ஒப்படைப்பதும் வியாபாரமே என்பது அதன் கருத்தாகலாம். கிறீனுக்கு மாணாக்கரே காசுக்காரராயினர். அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதுக்கு மேற்பட்டோர்.

ஆனால் தொடக்கத்திலே ஆங்கிலமே போதனா மொழி. அதன் விளைவை அவர் கண்டார். ஆங்கிலத்திற் கற்றுத் தேறியவர்கள் உத்தியோகமும் உயர்ந்த சம்பளமும் கிடைக்கும் பட்டினங்களை நாடினர். நோயுற்ற கிராமமோ முன்போலவே பரிகாரமின்றிக் கிடந்தது. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. பெற்ற கல்வி காட்டிய வழியே அவர்கள் சென்றனர். உடல்நலங் குன்றி 1857இல் தாயகம் திரும்பிய கிறீன், 1862இல் மீண்டும் வந்தபோது, தமிழிலேயே மருத்துவங் கற்பிப்பது என்னும் முடிவைச் செயற்படுத்த முற்பட்டார். தமிழிற் கற்றவன் தமிழ்க் கிராமத்திலே தங்குவான் என்பது அவர் கணக்கு. பின்னர் அவரிடம் தமிழ் மூலம் பயின்று வைத்தியரானோர் 33 பேர்.

தமிழிலே கற்பிப்பதற்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். இங்கேதான் அவருடைய இரண்டாவது தாலந்து வெளிப்பட்டது. நியூயோர்க்கிலே அவரைச் சோதித்த மருத்துவப் பேராசிரியர் எவரும் அதனைக் கண்டிருக்க முடியாது, அவரும் அறிந்திரார். தமிழைக் கற்று, தம் மாணாக்கரைத் துணைக்கொண்டு, மேலைநாட்டு மருத்துவ நூல்களை அவர் தமிழாக்கத் தொடங்கினார். உடலமைப்பு, பிரசவ வைத்தியம் ஆகியவற்றைப் பற்றிய நூல்களில் முதல் வந்த காலத்திலேயே கைவைத்திருந்தார். 1867இல் 'இரண வைத்தியம்' வந்தது. கிறே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் 1858இல் வெளியாயிற்று. 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயருடன் அது 1872இல் தமிழில் வந்துவிட்டது. பதினான்கே ஆண்டுகள்! இரசாயனத்துக்குக் 'கெமிஸ்தம்' என்று ஒரு நூல் 1875இல் வெளியாயிற்று.

கலைச்சொல் ஆக்கத்திலே அவர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். முதலிலே தமிழிற் சொல் உண்டா என்று பார்த்தார். இல்லாவிடில் வடமொழியை நாடினார். அதுவும் இயையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு ஏற்பத் திருத்தி எடுத்துக்கொண்டார். 'அங்காதிபாதம்' என்னுஞ் சொல்லைக் கேட்குந்தோறும், தெய்வத்தின் திருமேனியை முடிமுதல் அடிவரை வருணிக்கும் கேசாதிபாதம் என்னும் இலக்கிய வகை தமிழறிந்தவர் நினைவுக்கு வரும். பிணத்தை அறுத்துக் கற்கும் கல்விக்கு அத்தகைய பெயர் அமைந்தது ஓர் அழகே.

நடுநிலையோடு நோக்குவார் ஒன்றைக் கேட்கக்கூடும்: அந்த உழைப்பெல்லாம் நிலைத்ததா? கொழும்பிலே 1870இல் அரசாங்க மருத்துவப் பாடசாலை தொடங்கியது. காலப்போக்கில் ஆங்கில மருத்துவக் கல்வியே இந்நாட்டில் நிலைபெற்றது. கிறீன் இட்ட கலைச்சொற்களுட் பல வழக்கொழிந்தன. 'சுகரணவாதம்' என்ற இடத்தில் இன்று 'உடற்றொழிலியல்' என்கின்றோம். 'கெமிஸ்தம்' போய் 'இரசாயனவியல்' வந்துள்ளது. புதைத்த பணமே மாறாது கிடக்கும். வியாபாரத்தில் இட்ட பணம் கைமாறும், உருமாறும், சில வேளை நட்டத்தையுங் காணும். ஐந்து தாலந்தைக் கொண்டு வியாபாரஞ் செய்தவனும் அந்த அபாயத்தை ஏற்றே சந்தைக்குப் போயிருப்பான். தமிழிலே விஞ்ஞானங் கற்பிக்க இயலும் என்று, அவ்வாறு கற்பிப்பது எண்ணத்துக்கும் எட்டாதிருந்த காலத்திலே, ஒரு வகுப்பறையில் நடத்திக் காட்டியதை மாத்திரம் காலம் அழிக்கவில்லை. மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை அவர் பெயரை இன்றுந் தாங்கி நிற்கின்றது.

கிறிஸ்தவ ஊழியத்தில் ஈடுபட்டோர் சிலருக்கு அவரிடம் ஒரு சங்கடம் இருந்திருக்கலாம். சுவிசேஷத்தை அறிவிக்க வந்தவர், எலும்புக்கும் நரம்புக்கும் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருப்பதா? இக்கேள்வி இன்றைய விசுவாசிக்கும் உரியதே. பிரசங்கமும் சங்கீதமும் ஆலயத்துக்கு உரிய தாலந்துகள். கணக்கெழுதுவதும், கிணறு வெட்டுவதும், அகராதி தொகுப்பதும் உலகத்துக்கு உரியவை என்று ஒரு வரம்பு பலர் மனத்தில் உண்டு. பெசலெயேலை ஆவியினால் நிரப்பிய வேதம் அந்த வரம்பை அறியாது. கிறீனும் அதனை அறிந்தவராகத் தோன்றவில்லை. அவர் தம் மாணாக்கர் தமிழராகவே உடுத்து, தமிழராகவே உண்டு, தமிழ் மக்களிடையே வாழ வேண்டும் என்று விரும்பினார்; கிறிஸ்துவை ஏற்பதற்கு அன்னிய நடையுடை தேவை என்று அவர் கருதவில்லை.

உடல் தளர்ந்து 1873இல் அவர் இலங்கையை விட்டு நிரந்தரமாக நீங்கினார். பதினொரு ஆண்டு ஊழியம் இரண்டாம் முறை, பத்தாண்டளவு முதல்முறை. ஊர் திரும்பிய முதியவருக்கு ஓய்வு எவரும் மறுக்காத ஒன்று. அவர் வூஸ்ரரிலிருந்த குடும்ப இல்லத்திலே தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைப் பரப்பிக்கொண்டு அமர்ந்தார். சுற்றிலும் தமிழ் பேச ஒருவரில்லாத ஊரிலே, கடலுக்கு அப்பாலுள்ள மாணாக்கருக்காகப் பிழை திருத்தினார். மனித உடலின் தொழிற்பாட்டை விளக்கும் 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு, 1884 மே மாதத்தில் அவர் காலமானார்.

அவருடைய கல்லறைக் கல்லிலே, தமிழருக்கு மருத்துவ ஊழியராயிருந்தவர் என்ற செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வாறு பொறிக்கும்படி சொல்லிச் சென்றவரும் அவரே.