மஞ்சள் விளக்கு எரிந்தால்



இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்டிருப்பது, மோட்டார் காரில் எரியும் ஒரு சிறு மஞ்சள் விளக்கைப் பற்றி. தோட்டத்துக் குடும்பங்களுக்குக் காரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கும் வீடுகள் இன்று தோட்டப்புறத்திலும் உண்டு. அந்த விளக்கின் பொருள் தெரியாவிட்டால், பல மாதச் சேமிப்பு ஒரே நாளில் கரைந்துவிடும்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரின் வடகோடியில், செம்பவாங்கில். இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கும் இந்த வட்டாரமும் ஒரு காலத்தில் பால்மரக் காடுதான். புக்கிட் செம்பவாங் ரப்பர் கம்பெனி 1911இல் தொடங்கியது. 1938இல் இங்கே கடற்படைத் தளம் திறக்கப்பட்டது. நம்மவர் பலர் அங்கே வேலை பார்த்தார்கள். பால்வாளி சுமந்த கதை தெரிந்தவர்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள்.

எங்கள் கார் பத்து வயதைத் தாண்டியது. ஜொகூரில் தோட்டத்திலிருக்கும் உறவினரைப் பார்த்துத் திரும்பும் வழியில் இந்த விளக்கு எரிந்தது. சிங்கப்பூரில் பத்து வயதுக்கு மேற்பட்ட காரை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்; அங்கே புகையையும் அளப்பார்கள். எங்களுக்கு அந்தத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையில் ஸ்கேனர் கருவியைச் செருகிப் பார்த்தார்கள். பி0420 என்ற எண் வந்தது. “கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, புதிது போடவேண்டும்” என்று உடனே சொல்லிவிட்டார்கள். அதன் விலையைக் கேட்டு நாங்கள் வாயடைத்து நின்றோம்.

வீட்டில் இதைச் சொன்னபோது, இளமையில் பால்மரம் சீவிய எங்கள் பெரியம்மா ஒரு கேள்வி கேட்டார். “மெட்ரோலாக் குறைவாகக் காட்டினால் மரத்தையா வெட்டிப் போடுவார்கள்?”

நேயர்களே, பால் ஸ்டோரில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுப் பாலின் கெட்டியைப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்ததே. அளவு குறைந்தால் மூன்று காரணம் இருக்கலாம். மரத்தின் பாலே நீர்த்திருக்கலாம். மங்கில் மழைத் தண்ணீர் விழுந்திருக்கலாம். அளக்கும் கருவியே பிசகியிருக்கலாம். எது என்று பாராமல் பழியைப் போட்டால் கூலிதான் போகும். காரிலும் அப்படியே.

கன்வெர்ட்டர் என்பது புகைக்குழாயில் பொருத்திய ஒரு பெட்டி. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. நன்றாகச் சூடேறிய பின், எஞ்சினிலிருந்து வரும் நச்சுப் புகையைப் பெரும்பாலும் கரியமிலவாயு, நீராவி, நைட்ரஜன் என்று மாற்றிவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தப் பூச்சைக் கெடுத்துவிடும். சிங்கப்பூரில் 1991இல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 1998இல் ஈயப் பெட்ரோல் அடியோடு நின்றது.

இந்தப் பெட்டிக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்றாக இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள் காவலிருக்கின்றன. பழைய வகை வண்டிகளில் முன் சென்சாரின் அளவு ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே வேகமாக ஏறி இறங்கும். புதிய வண்டிகள் பலவற்றில் முன் சென்சார் வேறு வகையானது. ஆகவே பின் சென்சாரையே கவனிக்க வேண்டும். கன்வெர்ட்டர் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் சக்தியுடையது. அது நலமாக இருந்தால் பின் சென்சார் அதிகம் ஆடாமல் 0.6, 0.7 வோல்ட் அளவில் நிற்கும். அதுவும் முன் சென்சார் போலவே ஆடினால், சேமிக்கும் சக்தி குறைந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு விளக்கை ஏற்றுகிறது. அந்த எண் ஒரு சந்தேகத்தைச் சொல்கிறதே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை.

ஆகவே, வரிசையாகப் பார்க்க வேண்டும். முதலில், வேறு எண்கள் உண்டா என்று கேளுங்கள். எஞ்சின் சரியாக எரியாமல் தட்டுகிறது என்று காட்டினால், ஸ்பார்க் பிளக், காயில் முதலியவற்றை முன்னதாகச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதாக, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓடவிட்டு, புகைக்குழாய் இணைப்புகளில் ‘புஸ்’ என்ற ஓசையோ கரிப் படிவோ உண்டா என்று பாருங்கள். ஓட்டை வழியே உள்ளே இழுக்கப்படும் வெளிக்காற்று சென்சாரை ஏமாற்றும். மங்கில் விழுந்த மழைத் தண்ணீர் போலத்தான் இதுவும். மூன்றாவதாக, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், நிமிடத்துக்கு 2500 சுற்றில் நிலையாக ஓடவிட்டு, பின் சென்சாரின் ஓட்டத்தை ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் அது ஆடினால், அப்போது கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம்.

நாங்கள் வேறொரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் விடியற்காலையில் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். கன்வெர்ட்டருக்கு முன்னிருந்த இணைப்பில் கரி படிந்திருந்தது. கேஸ்கெட் ஒன்றை மாற்றி, இரண்டு திருகாணிகளை இறுக்கினார். சில நாள் ஓட்டியும் விளக்கு திரும்ப வரவில்லை. பரிசோதனையிலும் வண்டி தேறியது.

எல்லாருக்கும் இப்படியே முடியும் என்று சொல்லமாட்டோம். கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதைக் கெடுத்தது எது என்றும் பாருங்கள். எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்தால் பீங்கான் உருகும். எஞ்சின் எண்ணெய் கசிந்து எரிந்தால் பூச்சு மூடிக்கொள்ளும். காரணத்தை விட்டுவைத்தால் புதியதும் கெடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறைவரை ஓட்டலாம். விட்டுவிட்டு மின்னினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். மேலும், ஸ்கேனரால் எண்ணை அழித்தால் விளக்கு அணையும். ஆனால் கம்ப்யூட்டர் மறுபடி சோதித்து முடிக்கச் சில நாள் ஓட்டம் தேவை. பழைய கார் வாங்கும்போது, விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பாமல், சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள்.

பணத்தை எடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “அளந்து பார்த்தீர்களா?” கைத்தொழில் தெரிந்தவர் அந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார்.