பிடியரிசி

முப்பது வருடத்துக்கு முன், குருப்பட்டம் வாங்கிய கையோடு என்னைத் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூருக்கு அனுப்பினார்கள். செம்மணல், பனை, உடைமரம், நடுவே ஓடு வேய்ந்த ஒரு கோயில். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களும் 'கோயிலுக்குப் போறேன்' என்றுதான் சொல்வார்கள். சர்ச் என்பது டவுன்காரர் பேச்சு.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் பெண்கள் வரிசையாக எழுந்து வந்தார்கள். ஒருத்தி கையில் ஓலைப்பெட்டி, இன்னொருத்தி கையில் பழைய பவுடர் டப்பா. கொண்டுவந்த அரிசியைப் பீடத்துக்கு முன் இருந்த பெரிய பெட்டியில் கொட்டிவிட்டுப் போனார்கள். அதுதான் பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து அடுப்படியில் இருக்கும் கலயத்தில் போட்டுவைப்பது. வாரம் முழுக்கச் சேர்ந்தது ஞாயிறன்று கோயிலுக்கு வரும். ஆராதனை முடிந்ததும் முருங்கைக்காய், முட்டை, நேர்ச்சைக் கோழி இவற்றோடு அதுவும் ஏலத்துக்குப் போகும்.

எனக்கு அப்போது இது பிடிக்கவில்லை. இறையியல் கல்லூரியில் கிரேக்கமெல்லாம் படித்துவிட்டு வந்தவன் அல்லவா! ஏழெட்டுப் படி அரிசிக்காக அரைமணி நேரம் ஏலம் விடுகிறார்களே, பேசாமல் காசாகக் கொடுத்துவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

ஒரு வாரம் அரிசியை யாரும் கேட்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். மத்தியானம் என் மனைவி இலையில் பரிமாறிவிட்டுச் சொன்னாள்: "பாருங்க, மேல வீட்டுப் பச்சரிசி குழைஞ்சுட்டு. ரேஷன் புழுங்கலு இன்னும் விறைச்சுக்கிட்டு நிக்கி." பல வீட்டு அரிசி ஒரே பானையில் ஒரே பதமாக வேகாது. எங்கள் சபையும் அப்படித்தான் இருந்தது என்பது வேறு கதை.

இந்தப் பிடியரிசி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதில்லை. மிசோரம் மலைகளில் 1910 இல் கிறிஸ்தவப் பெண்கள் இதைத் தொடங்கினார்கள். 'புஹ்ஃபாய் தாம்' என்று பெயர். ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி. இன்று வரைக்கும் அங்கே சபையின் ஊழியத்துக்கு அது பெரிய தாங்கல். நம் காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டம் ஒன்றை நடத்தச் சொன்னவர்தான். மதம் எதுவானாலும் கை ஒன்றுதான். பாளையங்கோட்டையில் 1903 இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதும் வெளிநாட்டுப் பணத்தை நம்பவில்லை. நம் ஜனங்கள் கொடுத்ததைக் கொண்டே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா, 1912 இல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் எனக்குப் பிடியரிசியைச் சொல்லிக்கொடுத்தது சரித்திரம் இல்லை. ஒரு பாட்டி. வீட்டுக்காரர் பனையேறி, கருப்பட்டிக் காசு முழுக்க அவர் மடியிலேயே இருக்கும். பாட்டி காணிக்கைப் பையில் பணம் போட்டு நான் பார்த்ததில்லை. அரிசி டப்பா மட்டும் ஒரு ஞாயிறும் தவறாது. அந்த வீட்டில் அவள் இஷ்டப்படி கை வைக்கக்கூடியது அரிசிப் பானை ஒன்றில்தான். ஐப்பசி மழையில் வேலை இல்லாத நாட்களில் ஒருநாள் வீடு சந்திக்கப் போனேன். பானையில் அரிசி அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒரு பிடியை அள்ளிக் கலயத்தில் போட்டாள்.

"இந்த வாரம் வேண்டாமே பாட்டி. மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன்.

"மிஞ்சினதைப் போடப்பிடாதுய்யா. உலை கொதிக்கும்போதே எடுத்துரணும். பொறவுன்னா கை வராது."

சாறிபாத் ஊர் விதவையின் கதை வேதத்தில் இருக்கிறது. பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மாவு, கலசத்தில் கொஞ்சம் எண்ணெய். தனக்கும் பிள்ளைக்கும் கடைசியாகச் சுட்டுத் தின்ன இருந்த அடையை எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் சுட்டுக் கொடுத்தாள். இதை வைத்து நான் எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். அத்தனையிலும் அந்த மாவு தீராமல் வந்த அற்புதத்தைத்தான் விரித்துப் பேசுவேன். 'முதலில்' என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுவேன்.

தாண்டிப் போனதற்கு ஒரு சாட்சியும் உண்டு. பிறகு நான் வேலை பார்த்த ஒரு சபையில், மணியடித்து, கோயிலைப் பெருக்கி, மெழுகுவர்த்தி ஏற்றிவைக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். பண்டிகைக்குப் புதிதாக மைக்செட் வாங்கினோம், வெள்ளையடித்தோம். கணக்குப் புத்தகத்தில் அவர் சம்பளம் இரண்டு மாதம் பாக்கி. 'காணிக்கை மிஞ்சினால் கொடுத்துவிடலாம்' என்று கமிட்டி முடிவெடுத்தது. கையெழுத்துப் போட்டவன் நான். கூலிக்காரன் கூலியை விடியும் வரை கூட நிறுத்திவைக்கக் கூடாது என்பது மோசேயின் சட்டம். அன்றைக்கு நான் நிறுத்திவைத்தது இரண்டு மாதச் சம்பளம். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் காலையில் மணியடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தவர், "ஐயா, பேத்திக்குப் பள்ளிக்கூடம் தொறந்துட்டு" என்று மட்டும் சொன்னார். அன்று புது மைக்கில் நான் என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

விசுவாசம் என்றால் என்ன என்று வாலிபப் பிள்ளைகள் கேட்கும்போது நான் இப்போது பெரிதாக எதையும் சொல்வதில்லை. கடையில் தராசு எப்படி நிற்கிறது, வாங்கிய கடனை எந்தத் தேதிக்குத் திருப்புகிறாய், வேலைக்காரிக்கு எப்போது கொடுக்கிறாய் என்று திருப்பிக் கேட்கிறேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை. பாதிரியார் கணக்குப்பிள்ளை மாதிரி பேசுகிறார் என்கிறார்கள். இருக்கட்டும்.

இன்று பல சபைகளில் பிடியரிசிப் பெட்டி இருந்த இடத்தில் செல்போனில் பணம் செலுத்தும் அட்டையை ஒட்டிவைத்திருக்கிறார்கள். அதில் குறையில்லை, சம்பளம் வந்த அன்றே அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நேயர்களே, நீங்கள் எந்த மதத்தவரானாலும் ஒன்று கேட்கிறேன். அடுத்த சம்பளம் கைக்கு வந்ததும் தவணை, மளிகை என்று பிரிப்பதற்கு முன், உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவின் பணத்தை முதலில் எண்ணி எடுத்துவையுங்கள். அவர்கள் வாய் திறந்து கேட்பதற்கு முன் கொடுத்துவிடுங்கள்.