கிட்னியும் கடனும்

(டிரஸ்டின் மாதாந்திர நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நமது டிரஸ்டுக்கு வரும் மருத்துவ மனுக்களில் டயாலிசிஸ் மனுக்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஆகவே இன்று அதைப் பற்றியே பேச நினைத்தோம்.

சிறுநீரகம் பழுதானால் சில வாரங்களில் மௌத் என்றிருந்த காலத்தை மூத்தவர்கள் அறிவார்கள். 1971-இல் நமக்குப் பக்கத்தில், வேலூர் சி.எம்.சி.யில்தான் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அது அல்லாஹ்வின் பேரருள். அதில் இரண்டு பேச்சில்லை.

அன்று நெருங்கிய இரத்த உறவின் கிட்னிதான் பெரும்பாலும் ஒத்துக்கொண்டது. அந்நியருடையதை உடம்பு தள்ளிவிடும். 1980-களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தபின் அந்நியர் கிட்னியும் நிலைத்தது. நோயாளிக்கு நல்ல செய்தி. ஆனால் அதே மருந்து ஏழையின் உடம்பைச் சந்தைச் சரக்காக்கிவிட்டது. சென்னை வில்லிவாக்கத்தை 'கிட்னிவாக்கம்' என்றே ஜனங்கள் சொன்னார்கள். 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, உறுப்பு மாற்றை நிபந்தனைகளுடன் அனுமதித்தது, விற்பனை கூடாது என்றது. நம் நாட்டில் 1994-இல் சட்டம் வந்தது.

சட்டம் இருக்கட்டும், விற்றவர்களுக்கு என்ன மிஞ்சியது? 2001-இல் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்றபின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கடனும் தீரவில்லை. விற்றவர்களில் அதிகம் பேர் பெண்கள். கடன் வாங்கியது யாரோ, கத்திக்குக் கீழே படுத்தது வீட்டுப் பெண்!

ஆகவே இதை வட்டிப் பிரச்சினையாகவும் நாம் பார்க்கிறோம். ஷூ கம்பெனிக்குப் போகும் நம் பெண்களை வாரத் தவணைக்காரர்கள் வாசலில் நின்று கேட்கிறார்கள். இது ஊரறிந்த விஷயம்.

டயாலிசிஸ் வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குக் கொடுக்கிறது. காட்பாடி ரயில் செலவையும், கூடப் போகிறவரின் கூலி இழப்பையும் யார் கொடுப்பது? இயந்திரம் ஓர் உயிரைக் காக்கும்போது இரண்டு சம்பளம் நின்றுபோகிறது. ஸதகா நிதியை இனி இந்தச் செலவுக்கே முதலில் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறோம். வட்டியில்லாக் கடன் நிதியையும் கூட்டுகிறோம். சிலர் இதை மருத்துவ உதவியோடு சேர்க்கலாமா என்று கேட்டார்கள். சேர்க்கத்தான் வேண்டும்.

மாற்று அறுவைக்கு மனு வந்தால், கிட்னி கொடுப்பவரிடம் தனியாகப் பேசிய பிறகே உதவி. கொடுப்பவர் மனைவியோ தாயோ மருமகளோ ஆனால், பெண் உறுப்பினர்கள் பேசுவார்கள். அவர் மறுத்தால் காரணம் கேட்க மாட்டோம், வீட்டாரிடம் சொல்லவும் மாட்டோம்.

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் வருடத்திற்கொரு முறை கிரியாட்டினின் பாருங்கள். வலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள்.

கடன் மனுக்களை ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் தரலாம். பெண்கள் வியாழன் அஸருக்குப் பின் வரலாம். காப்பீட்டு அட்டையும் ரேஷன் கார்டும் கொண்டு வாருங்கள்.