நாற்காலிக்கு முன் பயிற்சி
(நம் பள்ளியின் ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் காலத்தில் பழைய தலைமையாசிரியர்களைப் புகழ்ந்துவிட்டு அமர்வது வழக்கம். நான் இனி வரப்போகிறவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

தலைமையாசிரியர் எவ்வாறு உருவாகிறார்? இருபத்தைந்து ஆண்டுகள் கணிதமோ தமிழோ நன்கு கற்பிக்கிறார். ஒரு ஜூன் மாதத்தில், பெரும்பாலும் பணிமூப்புப்படி, அந்த நாற்காலி அவருக்கு வருகிறது. மறுநாளே சம்பளப் பட்டியலும் சத்துணவுக் கணக்கும் மேசையில் குவிகின்றன. பி.எட். படிப்பு வகுப்பை நடத்தக் கற்றுத் தந்தது. ஆசிரியர்களை நடத்த யார் கற்றுத் தந்தார்கள்? கணக்கையாவது எழுத்தர் சொல்லிக் கொடுத்துவிடுவார். சக ஆசிரியரின் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் அமர்ந்து, பாடம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறதா எனக் கவனித்து, பிறகு மனம் நோகாமல் குறையை எடுத்துரைப்பது எப்படி? நேற்றுவரை ஒன்றாகத் தேநீர் அருந்திய நண்பராயிற்றே! இதற்குத் துணிவில்லாமல் அலுவலக அறையிலேயே காலம் கழிக்கும் நல்லவர்கள் பலர். நட்டம் பிள்ளைகளுக்கு.

சிங்கப்பூரில் 2001 முதல், பள்ளி முதல்வராகத் தகுதியுடையோரைத் தேர்ந்து, தேசியக் கல்விக் கழகத்தில் ஆறு மாத முழுநேரப் பயிற்சி தருகிறார்கள். பயிற்சிக் காலத்தில் ஒரு பள்ளியோடு இணைந்தும் பணி செய்கிறார்கள். முதலில் பயிற்சி, பிறகு நாற்காலி! நம் நாட்டின் 2020 கல்விக் கொள்கையும் முதல்வர்களுக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. (அக்கொள்கையின் பிற பகுதிகளைப் பற்றிய வாதம் இம்மேடைக்கு வேண்டாம்.) ஆனால் மண்டபத்தில் அமர்த்திச் சுற்றறிக்கையை வாசித்துக் காட்டினால் அது பயிற்சியாகாது.

சிறுபான்மைப் பள்ளி நிர்வாகம் தன் தலைமையாசிரியரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. உரிமையைப் பெற்றுக்கொண்டோம். தேர்ந்தவரை ஆயத்தப்படுத்தினோமா?

நம் தலைமையாசிரியர் ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள் உள்ளன. அடுத்தவரை இப்போதே தெரிந்துகொள்வோம். அவருடைய பாடவேளைகளில் பாதியைக் குறைப்போம். அந்நேரத்தில் அவர் தலைமையாசிரியரோடு வகுப்புகளைப் பார்வையிடட்டும். நன்கு நடக்கும் வேறு பள்ளியில் சில வாரங்கள் தங்கிப் பழகட்டும். அவருக்குப் பதிலாக வரும் ஆசிரியரின் ஊதியத்தை நாம்தான் தரவேண்டும். ஜூபிலி நிதியில் நுழைவாயில் வளைவு கட்டச் சிலர் விரும்புகிறீர்கள். வளைவு இரண்டு ஆண்டு காத்திருக்கும். வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் நிதிக்குழு கூடுகிறது. பெற்றோர் அனைவரும் தவறாமல் வாருங்கள்.