நெருப்புக்குப் பின் வந்த சம்பளம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 'மால்டன் மில்ஸ்' என்று ஒரு துணி ஆலை. 1906இல் தாத்தா தொடங்கியதை, பேரன் ஆரன் ஃபொயர்ஸ்டீன் நடத்தினார். நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகத்தில் 1947இல் பட்டம் பெற்றவர். மலையேறுபவர்கள் விரும்பி அணியும் 'போலார்டெக்' என்ற, கம்பளி போல மெத்தென்ற செயற்கைத் துணி அவருடைய ஆலையில் உருவானதுதான். தூக்கியெறிந்த பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி இழையாக்கியும் அந்தத் துணியைச் செய்தார்கள்.

1995 டிசம்பர் 11, அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்றிரவு ஆலையில் தீப்பிடித்தது. 30 பேருக்கு மேல் காயம், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கட்டடங்கள் எரிந்து தரைமட்டமாயின. கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டே வாரம்.

அந்த வட்டாரத்து ஆலைகள் பல, குறைந்த கூலி தேடித் தெற்கேயும் வெளிநாட்டுக்கும் போய்விட்டிருந்தன. காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு இவரும் ஒதுங்கியிருக்கலாம், வயதும் எழுபது. சில நாட்களில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் தொழிலாளர்கள் திரண்டார்கள். வேலை போயிற்று என்ற செய்தியை எதிர்பார்த்து வந்தவர்கள் அவர்கள். ஃபொயர்ஸ்டீனோ, அடுத்த 30 நாட்களுக்கு எல்லோருக்கும் முழுச் சம்பளம் உண்டு, ஆலை மீண்டும் எழும் என்று அறிவித்தார். கூடமே ஆர்ப்பரித்தது. பிறகு இரண்டாவது மாதமும் கொடுத்தார், மூன்றாவது மாதமும் கொடுத்தார். மருத்துவக் காப்பீட்டையும் நிறுத்தவில்லை. இதற்கெல்லாம் சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவானதாகச் சொல்வார்கள்.

கூலியாளை வஞ்சிக்காதே என்பது யூத வேதத்தின் கட்டளை. அதைத்தான் அவர் காரணமாகச் சொன்னார். தொழிலாளியைச் செலவுக் கணக்கில் எழுதக் கூடாது, அவன்தான் ஆலையின் சொத்து என்பது அவர் கொள்கை.

ஆலையைத் திரும்பக் கட்டினார். ஆனால் அதற்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. மலிவான போலித் துணிகளும் சந்தைக்கு வந்தன. 2001இல் நிறுவனம் திவாலானது. நிர்வாகம் அவர் கையைவிட்டுப் போனது. 2021 நவம்பரில், 95ஆம் வயதில் காலமானார்.

நல்லவராக இருந்ததால்தான் நொடித்துப்போனார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முடக்கியது மறுகட்டுமானக் கடன். அந்த மூன்று மாதச் சம்பளமோ, வேலையில்லாத குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பெரியச் செய்தது. ஒரு முதலாளியின் வாழ்க்கையை அளக்க ஐந்தொகைக் கணக்கு மட்டும் போதாது. நெருக்கடி வந்தபோது யாரை முதலில் நினைத்தார் என்றும் பார்க்க வேண்டும். ஃபொயர்ஸ்டீன் தம் தொழிலாளர்களை நினைத்தார். அதற்காகவே அவரை நாம் நினைக்கிறோம்.